பூண்டுக்குக் காட்டிய புகை

மேல்பழனி மலையில் ஒரு கெட்டுவள்ளத்தை மிதக்கும் வகுப்பறை ஆக்குகிறார்கள் என்று தோழி சொன்னபோது நான் நம்பவில்லை. ஆலப்புழைக் கால்வாய்களில் நெல் ஏற்றிய படகுக்கு, மலைக் கிராமமான பூண்டியில் என்ன வேலை? பொங்கலை ஒட்டிக் கல்லூரிக்கு ஒரு வாரம் விடுமுறை. பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம் என்றுதான் கிளம்பினேன்.

வத்தலக்குண்டில் காலை 5.40 பேருந்து. கொடைக்கானலில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிப் பேருந்தைப் பிடித்தேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், 11.15க்குப் பூண்டி.

குளத்தங்கரையில் ஆசிரியை ஜோதிமணி காத்திருந்தார். கெட்டுவள்ளத்தில் ஆணி கிடையாது, பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அதைப் பிரித்து, கேரளத்தில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிகளில் பலகை பலகையாக மலையேற்றியிருக்கிறார். ஆலப்புழைத் தச்சர் ஒருவர் வந்து திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்த அந்தச் சனிக்கிழமைதான் முதல் வகுப்பு நடப்பதாக இருந்தது. ஒழுகாவிட்டால்தான் பிள்ளைகளை ஏற்றுவோம் என்று பெற்றோர் சொல்லியிருந்தார்கள்.

குளத்தில் தள்ளிவிட்ட பத்தாவது நிமிடம் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

"என்ன டீச்சர், படகுன்னு சொல்லிச் சல்லடைய வாங்கியாந்துட்டீங்களா?" என்றார் ராசாத்தி. வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் பட்டியலில் முதல் பெயர் அவருடைய மகளுடையது.

பூண்டு விவசாயி செல்லையா மெதுவாக ஒப்புக்கொண்டார். "நாந்தாங்க கரையில ஏத்தி வச்சேன். ஈரமாக் கெடக்கே, அழுகிருமேன்னு மூணு வாரம் அடியில புகை போட்டேன். பூண்டு கெடாம இருக்கப் பரணுக்கு அடியில போடுற மாதிரி பதமாத்தான் போட்டேன்."

ஜோதிமணி தச்சரைக் கைபேசியில் அழைத்தார். புகை என்றதும், எத்தனை நாள் போட்டார்கள் என்று தச்சர் கேட்டார். பிறகு வழி சொன்னார்: காய்ந்த பலகைகள் சுருங்கிவிட்டன, மூன்று நாள் படகைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தால் ஊறிப் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

"மெதக்கறதுக்கு முக்கி வைக்கணுமாக்கும்," என்றார் ராசாத்தி. "செவ்வாக்கெழம பாப்போம். அன்னைக்கும் ஒழுகுச்சுன்னா எம் மகளக் கேக்காதீங்க."

எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனாலும் முடிவு தெரியாமல் திரும்ப மனம் வரவில்லை. செல்லையாவின் வீட்டில், பூண்டு தொங்கும் பரணுக்குக் கீழே எனக்குப் பாய் விரித்தார்கள். மூன்று நாள் சோறு போட்டார்கள். காசு என்றதும் அவர் மனைவிக்குக் கோபம் வந்தது. செல்லையா ஒரு நாளைக்கு நான்கு முறை குளத்துக்குப் போய், படகை அழுத்தியிருந்த கற்களைப் பார்த்து வந்தார்.

செவ்வாய்க்கிழமை, "வெரசா எறைங்கப்பா," என்று அவரே வாளியோடு முதலில் இறங்கினார். 8.40க்குப் படகு மிதந்தது. ஒரு மணிநேரம் காத்திருந்தோம். ராசாத்தி உள்ளே ஏறி, தையல் ஓரமெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"ஏறுடி. ஓரத்துல ஒக்காராத."

மிதவைச் சட்டையோடு பதினொரு பிள்ளைகள் ஏறினார்கள்.

போகிறவர்கள் ஜோதிமணியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூண்டியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கம்பளி அவசியம். கடைசிப் பேருந்து நான்கு மணிக்கு, ஆனால் அன்றே திரும்புவதாகத் திட்டம் போடாதீர்கள். நான் அப்படித் திரும்பியிருந்தால், ஒழுகும் படகு ஒன்றைப் பார்த்தேன் என்று எழுதியிருப்பேன். தங்க இடம் கொடுத்த அந்த வீட்டுக்கு நன்றி.

குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துத்தான் முதல் பாடம். யாரும் கேட்காமலேயே செல்லையா பின்பலகையில் வாளியோடு உட்கார்ந்திருந்தார். பாடம் முடிந்து இறங்கும்போது கவனித்தேன், காலையில் இறைத்த பிறகு அந்த வாளி மறுபடி நனையவே இல்லை.