ஆர்டித் திருப்பிக் கொண்டுபோன பார்சல்

ஆர்டித் வால்மருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய்ச் சேர்கிற சாப்பாட்டுப் பாத்திரம் அவளுடையதுதான். தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். பாதி அழிந்துபோன முகவரியை வைத்துக்கொண்டு நாலு பேரிடம் விசாரித்து, ஆளைக் கண்டுபிடித்து, பார்சலைச் சேர்ப்பித்துவிடுவாள். "என் கையில வந்த பார்சல் அநாதையாப் போனதா சரித்திரமே இல்ல" என்று ரிட்டயர் ஆன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவள் கணவர் வெண்டல் கொரியப் போருக்குப் போய்வந்தவர். அந்த உரிமையில்தான் படைவீரர் குடும்பத்துப் பெண்களின் சங்கத்தில் அவள் சேர்ந்தாள். வெண்டல் இறந்த பிறகு சங்கமே கதி என்றாகிவிட்டது. மே மாதம் மளிகைக்கடை வாசலில் நின்று, போரில் இறந்தவர்கள் நினைவாகச் சிவப்புக் காகிதப் பூ கொடுப்பது, கல்லறைகளில் கொடி நடுவது, செவ்வாய்க்கிழமைகளில் ஊர்க்கோடியில் இருக்கும் முன்னாள் வீரர் இல்லத்துக்குப் போய், அட்டையில் எண்களை வில்லையால் மூடி ஆடும் பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னால் நிற்பாள். மைக் இருந்தது. அவள் குரலுக்கு அது தேவைப்பட்டதில்லை.

சங்கத்தின் பெரிய வேலை டிசம்பரில்தான். இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டுக் கடை விரிப்பார்கள். சால்வை, கையுறை, பொம்மை, வாசனைத் தைலம், சமையல் சாமான் என்று பரப்பி வைத்திருக்கும். காசு கிடையாது. இல்லத்தில் இருக்கும் வீரர்கள் நிஜமாகவே கடைவீதிக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, தங்கள் வீட்டு மனிதர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு எடுப்பார்கள். பெண்கள் அதை வண்ணக் காகிதத்தில் சுற்றித் தபாலில் அனுப்புவார்கள். தனக்கென்று யாரும் எடுக்கக்கூடாது. அவர்களுக்கு சாக்ஸும் சவரச் சாமானும் தனியாக வரும். வருஷம் முழுக்க அடுத்தவர் கையிலிருந்து வாங்கியே பழகிப்போனவர்கள் கொடுக்கிற ஒரே நாள் அது.

அன்றைக்கு எல்லோரையும்விட நேரம் எடுத்துக்கொள்பவர் டெல்மார் ஹாய்ட். வியட்நாமில் ஒரு காலை இழந்தவர். சக்கர நாற்காலியை மேசை மேசையாக நகர்த்திக்கொண்டு போவார். தூரத்து ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் தன் மகள் கொலீனுக்குத்தான் எப்போதும் எடுப்பார்.

"அவளுக்குச் செம்பட்டை முடி. இந்தப் பச்சைச் சால்வை எடுப்பா இருக்குமா, இல்ல நீலமா?"

"பச்சைதான். நீலம் கிழவிங்க போடறது" என்றாள் ஆர்டித்.

"அப்போ நீலத்தை நீயே வெச்சுக்கோ" என்று பின்னாலிருந்து லைல் பிராண்ட் சொன்னார். டெல்மாரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். மூன்று பிள்ளைகளைப் பெற்றவர், ஒருவனும் எட்டிப் பார்ப்பதில்லை. கூடமே சிரித்தது. ஆர்டித்தும் சிரித்தாள்.

பார்சல் அனுப்பும் வேலை எப்போதும் சங்கத்தில் இன்னொருத்தியான லவோனுடையது. அந்த வருஷம் லவோனுக்கு இடுப்பில் ஆபரேஷன். தபால் வேலை என்றதும் ஆர்டித் யாரும் கேட்பதற்கு முன்னால் கையைத் தூக்கிவிட்டாள்.

ஜனவரியில் டெல்மாரின் பார்சல் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று அதன் மேல் முத்திரை குத்தியிருந்தது. ஆர்டித்துக்கு யாரோ முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக இல்லத்துக்குப் போனாள். பிங்கோவுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து எண் கூப்பிடுவதற்குள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"டெல்மார்! உங்க பொண்ணு பார்சல் திரும்பி வந்துடுச்சு. அந்தத் தெருவுல அப்படி ஒரு வீடே இல்லையாம். சரியான அட்ரஸ் சொல்லுங்க, இன்னிக்கே அனுப்பிடறேன்."

டெல்மார் தன் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "வீடு மாத்தியிருப்பா" என்றார்.

"உங்ககிட்ட சொல்லாமயா? போன் நம்பராவது குடுங்க."

"அப்புறம் தரேன்."

"அப்புறம் என்ன அப்புறம்? அவ புருஷன் பேரைச் சொல்லுங்க போதும். ஓரிகனையே சலிச்சு எடுத்துடறேன்."

"குடுய்யா" என்றார் லைல். "நாங்களும் ஒரு ஹலோ சொல்றோம். இத்தனை வருஷமா அவ கதையைக் கேட்டாச்சு, குரலைத்தான் கேட்டதில்ல."

"விடு ஆர்டித்" என்றார் டெல்மார், மெதுவாக.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டு வாயை மூடியிருப்பார்கள். ஆர்டித்துக்கோ, அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஏதோ மனஸ்தாபம், அதைத் தீர்த்துவைக்கக் கடவுள் தன்னை அனுப்பியிருக்கிறார் என்று தோன்றிவிட்டது.

"பேச்சுவார்த்தை இல்லையா? இதுக்கா வெட்கப்படறீங்க? எந்த வீட்டுல இல்ல? நான் பேசறேன் அவகிட்ட."

டெல்மார் நிமிர்ந்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"கொலீன்னு யாரும் இல்ல. எனக்குப் பொண்ணே கிடையாது. போதுமா?"

லைல்தான் வாயைத் திறந்தார். "அப்போ பேரனுக்குப் பல்லு முளைச்சுதுன்னியே, அது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெல்மார் தன் அட்டை மேலிருந்த வில்லைகளை வழித்து டப்பாவில் போட்டார். மூடியை அழுத்தி மூடினார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். ஆட்டம் நின்றுபோகக்கூடாதே என்று ஆர்டித் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று இரண்டு பேர் கத்தினார்கள்.

வீட்டுக்குப் போக மனம் வராமல் லவோன் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னபோது லவோன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல் வருஷம் எல்லாரும் பரிசு எடுக்கறப்போ அவர் மட்டும் ஓரமா உட்கார்ந்திருந்தார். யாருக்கு எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சு, மகளுக்குன்னார். ஜனவரியில பார்சல் திரும்பி வந்துச்சு. பிரிச்சு, அடுத்த டிசம்பர்ல திரும்ப மேசை மேல வெச்சுட்டேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்."

"அது திரும்பி வருதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒரு தடவை முந்தின வருஷக் கையுறையைக் கையில எடுத்தார். என்னைப் பார்த்தார். 'இது அவகிட்ட ஏற்கெனவே இருக்கு'ன்னு சொல்லிட்டு வேற எடுத்துக்கிட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லவோன்?"

லவோன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் மறுபடி எழுந்து நடந்துடுவேன், நானே பார்த்துக்கலாம்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "உன்கிட்ட சொன்னா அது உன்கிட்டயே இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல" என்றாள்.

ஆர்டித்துக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. ஊரில் இத்தனை வருஷம் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் எதையெதைத் தன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார்களோ என்று கார் ஓட்டும்போது தோன்றியது. அந்த நினைப்பே உடம்பைக் கூசச் செய்தது.

மன்னிப்புக் கேட்க மறுநாளே போனாள். பூசணி ரொட்டி செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். டெல்மார் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "பரவால்ல, நல்லதுக்குத்தானே கேட்ட" என்றார். அது அவளை இன்னும் கீழே தள்ளியது. சாப்பாட்டுக்கு அவர் லைலை விட்டு வேறு மேசைக்கு மாறிவிட்டிருந்தார். வசந்தம் முடிந்து கோடையும் வந்தது. பிங்கோவுக்கு அவர் வரவே இல்லை. ஆர்டித்தும் எண் கூப்பிடுவதை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அடுக்களையில் காபிக் கோப்பை கழுவினாள்.

டிசம்பரில் கடை விரித்தார்கள். ஆர்டித் பின்னால் நின்று காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். டெல்மார் வரமாட்டார் என்றே நினைத்திருந்தாள். நர்ஸ் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து சால்வை மேசை முன்னால் நிறுத்திவிட்டுப் போனாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஆர்டித் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"எடுங்க டெல்மார். நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். அட்ரஸ்கூட வேண்டாம். நானே சுத்தித் தரேன்."

அவர் ஒரு சால்வையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபமெல்லாம் இல்ல ஆர்டித்" என்றார் கடைசியில். "முன்னெல்லாம் இந்தக் கடைக்குள்ள வந்ததுமே அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும். இப்போ பார்க்கறேன், பார்க்கறேன், ஒண்ணுமே தோணல."

சால்வையை இருந்தபடியே மடித்து வைத்தார். தன்னை அறைக்குத் தள்ளிக்கொண்டுபோக முடியுமா என்று அவளிடம் கேட்டார்.