ரொசாலி அம்மாவுக்குக் கிடைத்த தாலந்து

மழைக்கு ஒதுங்கி ஒரு காபிக் கடை வாசலில் பைக்கோடு நின்றிருந்தபோது ரொசாலி அம்மாவின் மகள் போன் செய்தாள். அவளுக்குத் தமிழ் வராது; எனக்கு வியட்நாமிய மொழி அரைகுறை. ஆனாலும் அம்மா போய்விட்டார் என்பது அவள் குரலிலேயே புரிந்துவிட்டது. மழை விட்ட பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

சைகோனில் நம் வெள்ளிக்கிழமை ஜெபக் கூடுகைக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவருடைய வாயையும் தெரியும். காரைக்கால் அப்பாவுக்கும் வியட்நாமிய அம்மாவுக்கும் இங்கேயே பிறந்தவர். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது தெரிந்த தமிழர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட, இவர் சந்தையில் துணிக்கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவிடம் கற்ற தமிழும் சந்தையில் கற்ற சண்டையும் கடைசிவரை அவரோடு இருந்தன. என்னை ‘முசே’ என்பார். பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதை அது, திட்டும்போதும் குறையாது.

நான் சைகோனின் தாவோ தியென் பகுதியில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். கூடுகையில் பாடகர் குழுவும் என் பொறுப்பு என்பதால், அவருக்கேற்ற ஊழியத்தைக் கண்டுபிடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. பாடவிட்டோம், ஒரே பாட்டு மூன்று ராகத்தில் வந்தது. சிறுவர் வகுப்பைக் கொடுத்தோம். பிள்ளைகள் பேரம் பேசக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள். கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்திருங்களேன் அம்மா என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

“ஆண்டவர் எனக்கு வாயத்தான் குடுத்திருக்கார் முசே. அதப் போயி புதைச்சு வைக்கச் சொல்றீங்களே” என்றார். எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்துப் பணத்தைப் புதைத்து வைத்தவனின் பைபிள் கதையை எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

பிறகு அந்தோணி வந்தான். நாகப்பட்டினத்துக்காரன், பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. ஊரில் தாய்க்கு இன்றோ நாளையோ என்ற நிலை. பாஸ்போர்ட்டோ அவனை அழைத்துவந்த ஏஜென்ட் பெண்மணியிடம். ஒப்பந்தம் முடியாமல் தரமாட்டேன் என்று அவள் பூட்டி வைத்துவிட்டாள். புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்று அவனுக்குப் பயம். நாங்கள் உருக்கமாக ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் காலை ரொசாலி அம்மா அந்த ஏஜென்ட் நடத்தும் விமான டிக்கெட் கடைக்குக் கிளம்பினார். இவர் போடும் சத்தத்தில் ஊரே திரண்டுவிடும் என்று பயந்து நானும் கூடப் போனேன். அவர் சத்தமே போடவில்லை. ஷட்டர் ஏறியதும் முதல் ஆளாக நுழைந்து டிக்கெட் விலை கேட்டார்; வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தோணியின் பாஸ்போர்ட் வரும்வரை தினமும் முதல் போணி நான்தான் என்று சிரித்தபடி வெளியே வந்தார். முதலில் வந்தவர் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரம் விளங்காது என்பது இந்த ஊர்க் கடைக்காரர்களின் நம்பிக்கை. ஏஜென்ட் முகம் கறுத்து, பீடை கழியக் காகிதம் கொளுத்தி வாசலில் சுற்றிப் போட்டாள். அடுத்த காலையும் அதே கதைதான்.

மூடநம்பிக்கையை வைத்தா ஊழியம் செய்வது என்று நம் கூடுகைச் சகோதரர் ஒருவர் வருத்தப்பட்டார். “நான் நம்பலய்யா. அவ நம்புறா. அது போதும்” என்றார் ரொசாலி அம்மா. மூன்றாம் காலை, அவர் படியேறுவதற்குள் ஏஜென்டே ஓடிவந்து பாஸ்போர்ட்டை அவர் கையில் திணித்தாள்.

அந்தோணி ஊருக்குப் போனபோது தாய்க்கு நினைவு இருந்தது. தான் ஊட்டிய கஞ்சியை அம்மா குடித்தார்கள் என்று அவன் போனில் சொன்னபோது ரொசாலி அம்மா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். அதன் பிறகு அவருக்கு ஊழியம் தேடும் வேலை எனக்கு இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த வெள்ளிக்கிழமை, கூடுகையில் ஒரு பெண் ஜெப விண்ணப்பம் சொன்னாள். தாவோ தியெனில் ஒரு பங்களாவில் வேலைக்கிருக்கும் தன் தோழியிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்களாம். ஊரில் இருக்கும் குழந்தையின் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகிறதாம். வீட்டு அடையாளம் சொன்னாள். அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம்தான் பாட்டுப் படிக்கிறது. அவர்கள் பள்ளியில் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும். ஜெபித்தோம். ஆமென் சொன்ன பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அந்த வீட்டு மணியை அடித்தேன். கதவு திறப்பதற்குள் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. திரும்பவில்லை. ரொசாலி அம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, ஜெபித்த மறுநாள் வாசலில் போய் நிற்கும் அந்தப் பழக்கத்தைத்தான்.