பழிவாங்கப் போட்ட தண்டவாளம்

யுத்த காலத்து வீரச்செயல் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. மற்றவர்கள் காட்டுக்குள் போய்த் துப்பாக்கி தூக்கிக்கொண்டிருந்த நாட்களில், முப்பத்தெட்டு வயதான நான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஒரு மனிதனைப் பழிவாங்க ஒரு பொம்மை ரயிலை நம்பியிருந்தேன். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். அதன் எதிரே முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தின் கோணல் பார்த்திருக்கிறேன். அறையில் யாரும் இல்லாதபோது வாயால் கூவென்று ஊதியும் இருக்கிறேன். பழிவாங்கப் போனதை வீட்டில் சொல்லிவிட்டேன். ஊதியதை இங்கேதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

ரயில், மலாயா மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடையது. கல்யாணம் ஆகாத மனிதர். பங்களாவின் பின்னறையில் மூன்று நீள மேஜைகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் அட்டையாலும் களிமண்ணாலும் ஒரு மலை கட்டி, தண்டவாளத்தை அதில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆபீசில் கணக்கெழுதும் சின்ன கிராணியாகிய என்னைக் கூப்பிட்டு உதவிக்கு வைத்துக்கொள்வார். ஜப்பான்காரன் தைப்பிங் பக்கம் வந்துவிட்டான் என்று சேதி வந்த அன்று, அரைமணி நேரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். ரயில் மேஜைமேலேயே நின்றது.

துரை போன மூன்றாம் நாள் எங்கள் பெரிய கிராணி பங்களாவில் குடியேறினார். ஒரு வாரத்தில் துரையின் காலுறையும் அவர் காலில் ஏறிவிட்டது. தேயிலையை வாங்க ஆளில்லை. செடிகள் மரமாக வளர்ந்துகொண்டிருந்தன. பாதி மலையைச் சுரண்டிச் சர்க்கரைவள்ளி போட்டோம். ஆனாலும் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. எண்ணி முடித்ததும் எல்லாரும் கிழக்கே திரும்பி ஜப்பான் ராஜாவுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்பது புதுச் சட்டம்.

ஒரு நாள் காலையில் பனி மூடியிருந்தது. எதிரில் நிற்பவன் மூக்குகூடத் தெரியாத பனி. பெரிய கிராணி கம்பீரமாகத் திரும்பிக் குனிந்தார். அவரைப் பார்த்து இருநூறு பேரும் குனிந்தார்கள். பனி விலகியபோது, நாங்கள் அத்தனை பேரும் கூலியாட்கள் குடியிருந்த லயத்துக் கக்கூஸ்களைப் பார்த்து மரியாதையாகக் குனிந்திருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் கேட்டு ஜப்பான்காரன் உத்தரவு வந்தது. எங்கள் தோட்டத்துக்குப் பத்துப் பேர். பட்டியல் எழுதியவர் பெரிய கிராணி. ஒன்பது பெயர் எழுதி, பத்தாவதாக என் மனைவியின் தம்பி பெயரை எழுதியிருந்தார். பத்தொன்பது வயது, தொழிற்சாலையில் இலை உலர்த்தும் வேலை. சிரித்தவன் நான் என்பதால் என் பெயரை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. விஷயம் தெரிந்த மனிதர். என்னை அனுப்பினால் நான் ஒரு தடவைதான் போவேன். மைத்துனனை அனுப்பினால் அவன் அக்கா எனக்குத் தினம் மூன்று வேளை சோறு போடுவாள்.

போட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் போட்டாள். தட்டு தரையில் வைக்கப்படும் சத்தத்தில் இத்தனை விதம் உண்டு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஆகவே பெரிய கிராணியை நான் வெறுத்தேன். இந்த வேலையைச் சோம்பல் இல்லாமல் செய்தேன். காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்தால் படுக்கும் வரைக்கும். ஒரு ஜப்பான் அதிகாரி அவரை நாலு பேர் பார்க்கப் பளாரென்று அறைய வேண்டும். இதுதான் என் ஆசை. அந்த நாட்களில் அறை என்பது ரேஷன் அரிசியைவிடத் தாராளமாகக் கிடைத்தது, ஆனால் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. குனிய வேண்டிய இடத்தில் ஒரு விரற்கடை கூடுதலாகவே குனிந்துவிடுவார்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. ஒரு நாள் பங்களாவுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பின்னறையில் ரயில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கீழே தாப்பா ஊரிலிருந்து ஒரு பெரிய ஜப்பான் அதிகாரி பத்து நாளில் வருகிறாராம், அவருக்கு இதை ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

"வளைவு வந்தா கவுந்துருது. ஏத்தத்துல நின்னுக்குது. நீதான துரைகூட கெடையா கெடந்தவன், வந்து சரி பண்ணுய்யா" என்றார்.

"பண்ணிரலாம்ங்கய்யா."

"ஒண்ணு சொல்லிர்றேன். நீ பண்ணதா வெளிய மூச்சு விடக்கூடாது. லைன் போட்டது நானு. வெளங்குச்சா?"

வெளங்குச்சு என்றேன். மிக நன்றாக விளங்கியது. லைன் போட்டது அவர் என்றால், லைன் கவிழ்ந்தால் அறை வாங்குவதும் அவர். வீட்டுக்கு நடந்து வருகையில் என் கால் தரையில் படவில்லை.

திட்டம் இதுதான். மலையிலிருந்து இறங்கி வரும் பாதை சன்னலோரம் வளைகிறது. அந்த வளைவுக்கு நேரே அதிகாரியின் நாற்காலி. ரயில் அங்கே தடம் புரண்டு, பெட்டி படுக்கையோடு அவர் மடியில் போய் விழ வேண்டும். ஆனால் ரயில் அந்த இடத்தில் நிச்சயமாகக் கவிழ வேண்டுமானால், அதுவரைக்கும் எங்கேயும் கவிழாமல் வந்து சேர வேண்டும். கெடுதல் செய்வதற்கு எவ்வளவு ஒழுங்கு தேவைப்படுகிறது என்பதை அந்த எட்டு நாட்களில் தெரிந்துகொண்டேன்.

முதலில் எண்ணெய். பெரிய கிராணி சக்கரங்களுக்கும் உள்ளே இருந்த சுருள்வில்லுக்கும் தேங்காயெண்ணெய் போட்டிருந்தார். கீழே சமவெளியில் போட்டிருந்தால் ஓடியிருக்கும். எங்கள் மலையில் காலையில் தேங்காயெண்ணெய் வெண்ணெயாக உறைந்துவிடும் என்பது தலைவாரும் யாருக்கும் தெரியும். அவருக்கு வாரத் தலைமயிர் கிடையாது. எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்.

பிறகு ஏற்றம். தட்டையாக வந்த பாதை சட்டென்று நிமிர்ந்தால் எஞ்சின் மூக்கு இடிக்கும். உச்சியில் சட்டென்று மடிந்தால் பெட்டிகளின் கொக்கி கழன்றுவிடும். இரண்டு முனையையும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கொடுக்க வேண்டும். மலைச்சரிவில் மழைத் தண்ணீர் போகக் கான் வெட்டும்போது சரிவு பார்க்க எங்களிடம் ஒரு கருவி உண்டு, காலுள்ள மரச்சட்டமும் ஒரு பார்வைக் குழலும். அதை எடுத்துவந்து பொம்மை மலைக்குச் சரிவு பார்த்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவி அடியில் ஆப்பு வைத்தேன். சாவி கொடுத்த வில்லுக்கு முதல் சுற்றில்தான் முழு பலம், ஆகவே ரயில் கிளம்பும் இடத்தை ஏற்றத்துக்குப் பக்கத்தில் மாற்றினேன்.

வளைவுதான் பெரிய வித்தை. நேராக வரும் பாதையை ஒரேயடியாகத் திருப்பக்கூடாது. ஒரு துண்டு லேசான வளைவு, அப்புறம் முழு வளைவு, வெளியே வரும்போது மறுபடி லேசானது. வெளிப்பக்கத் தண்டவாளம் ஒரு மயிரிழை உயரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ரயில் உள்ளே சாய்ந்து திரும்பும். துரையின் சீட்டுக்கட்டைப் பிரித்து வெளிப்பக்கம் இரண்டிரண்டு சீட்டாகச் சொருகினேன். காலிப் பெட்டிகள் துள்ளுவதால், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைச் சுருட்டி ஒவ்வொன்றின் அடியிலும் வைத்தேன். கனமான பெட்டி எஞ்சினுக்கு அடுத்து, லேசானது கடைசியில். மாற்றிக் கோத்தால் வளைவில் பின்னால் இருக்கிற கனம் நடுவில் இருக்கிற லேசானதை உள்பக்கம் இழுத்துக் கவிழ்த்துவிடும்.

எட்டாம் நாள் அது ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கவில்லை, இறங்கும்போது தலைதெறிக்கவில்லை. வளைவுக்குள் பாம்பு புற்றில் நுழைகிற மாதிரி நுழைந்தது. எச்சில் விழுங்காமல் ஒன்பது சுற்று பார்த்தேன்.

அதிகாரி வரும் நாள் காலையில் சன்னலோரத்து வளைவில் கை வைத்தேன். வெளிப்பக்கத்துச் சீட்டுகளை உருவி உள்பக்கம் சொருகினேன், அவ்வளவுதான் வேலை. சோதனைக்கு ஒரு தடவை ஓட்டினேன். மலையிலிருந்து இறங்கி வந்தது, வளைவில் வெளியே சாய்ந்தது, எகிறியது. திட்டப்படி அது நேரே அந்த நாற்காலியில் போய் விழுந்திருக்க வேண்டும். என் கை போய் அந்தரத்தில் அதைப் பிடித்துவிட்டது. என்னைக் கேட்காமல் போய்ப் பிடித்தது. எஞ்சினின் மூக்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம், பாதை கெட்டுப் போகவில்லையே என்று நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக மட்டும், சீட்டுகளைப் பழைய இடத்துக்கு மாற்றி ஒரு தடவை ஓட்டினேன். வாசலில் கார் சத்தம் கேட்டது. மறுபடி மாற்றுவதற்கு நேரம் போதவில்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது.

அதிகாரி குட்டையான, அமைதியான மனிதர். கூடவே மலாயில் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர். பெரிய கிராணி குனிந்து எழுந்து ஜாடை காட்ட, நான் சாவி கொடுத்தேன். ரயில் ஓடியது. என் விரோதியின் மானத்தை ஒரு சொட்டு சிந்தாமல் சுமந்துகொண்டு, ஏற்றம் ஏறி, இறங்கி, சன்னலோரம் அழகாகச் சாய்ந்து திரும்பியது. அவர் முகத்தில் எண்ணெய் தேய்த்த மாதிரி சந்தோஷம். எனக்கு அப்போது என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

அதிகாரி நாற்காலியில் உட்காரவில்லை. மேஜை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நான் பார்ப்பதைப் போலவே தண்டவாளத்தைப் பார்த்தார். சொருகியிருந்த சீட்டை விரலால் தொட்டார். பிறகு ஏதோ கேட்டார்.

"சியாப்பா பூவாட்?" என்றார் மொழிபெயர்ப்பாளர். யார் செய்தது?

"சாயா, துவான்" என்று பெரிய கிராணி நெஞ்சில் கைவைத்தார். நான்தான் ஐயா. அவர் ஒருவரேதானாம். யார் உதவியும் இல்லையாம்.

அதிகாரி மெச்சித் தலையசைத்தார். நிறையப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: சயாமில் மலையும் வளைவும்தான் தொல்லை, ஏற்ற இறக்கம் தெரிந்த ஆள் அங்கே போதவில்லை, நாளை மறுநாள் பக்கத்து ஊர் ரிங்லெட்டிலிருந்து லாரி போகிறது.

பெரிய கிராணியின் முகத்திலிருந்த எண்ணெய் எங்கள் மலைக் காலை போல உறைந்தது. "புக்கான் சாயா" என்றார். நான் இல்லை. "இவன்தான் துவான், இவன்தான் செஞ்சான்" என்று மலாயும் தமிழும் குழைத்து என்னைக் கை காட்டினார்.

அப்போது விழுந்தது அறை. சொன்ன சொல்லை மாற்றியதற்காக. இரண்டு. சன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது என் கற்பனையாகவும் இருக்கலாம். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

நான் நன்றாகக் குனிந்தேன். பெரிய கிராணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் நினைவிருக்கிறது. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மலாயில் நிதானமாகச் சொன்னேன்: எல்லாம் ஐயா போட்ட பாதைதான், எனக்குச் சாவி கொடுக்க மட்டும்தான் தெரியும்.

வருத்தப்பட வேண்டிய பொய் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். நானும் சில தடவை வருத்தப்பட முயன்றிருக்கிறேன். வரவில்லை. இரண்டாம் நாள் அவர் துரையின் காலுறையோடு லாரியில் ஏறுவதைப் பார்க்க மூன்று மைல் நடந்து போனேன். அன்று சோறு போடும்போது என் மனைவி, "அறை எந்தக் கன்னத்துல விழுந்துச்சு?" என்று கேட்டாள். பல மாதங்களில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இரண்டிலும் என்றேன். இன்னொரு கரண்டி போட்டாள்.

மைத்துனன் யுத்தம் முடிந்து வந்தான். எங்கள் தோட்டத்திலிருந்து போன பத்துப் பேரில் நாலு பேர்தான் வந்தார்கள். காலில் புண், உடம்பில் எலும்பு, மூன்று நாள் தூங்கினான். நாலாம் நாள் முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தவனிடம், மெதுவாக, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததைப் போல, பெரிய கிராணியை அங்கே எங்காவது பார்த்தாயா என்று கேட்டேன். மண் சுமந்தார், கல் உடைத்தார் என்று ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பசி அது.

"பாத்தேனே மாமா. நாங்க மூங்கில் தட்டில படுத்துக் கெடந்தோம்லா, அவருக்குக் கட்டிலு, கொசுவலை, காய்ச்சலுக்கு வேளைக்குக் கொய்னா மாத்திர. ரயிலு தெரிஞ்ச ஆளுன்னு ஒரு வேலையும் சொல்லல. எங்களுக்கு முன்னாடியே அவரு சொந்த ஊருக்குத் திரும்பிட்டாருன்னு கேள்வி" என்றான். புண்ணில் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டுச் சொன்னான்:

"இங்கேருந்து யாரோ அவரப் பத்தி ரொம்ப நல்லவிதமா சொல்லி விட்டிருக்காங்க."