தேமல்

டாக்டரின் மேசையில் தோல்நோய்ப் படங்கள் போட்ட கையடக்க அட்டை ஒன்று கிடந்தது. எழுபதுகளில் மராட்டியத்தில், கட்கி ராணுவ ஊரில் நர்ஸாக இருந்த அம்மாவின் பையிலும் டெட்டால் வாசனையோடு அப்படியொன்று இருக்கும்.

ஒருநாள் அதைத் திருட்டுத்தனமாகப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். வகுப்பில் என்னோடு தமிழ் பேச ஸ்டெல்லா ஒருத்திதான். அவள் கன்னத்தில் வெளிறிய திட்டு. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் புரியட்டுமென்று இந்தியில், "இஸ்கோ குஷ்டரோக் ஹை!", இவளுக்குக் குஷ்டம் என்று கத்தினேன். அன்றே பிள்ளைகள் அவளை விட்டு விலகினார்கள்.

விஷயம் தெரிந்து அம்மா அவளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வெறும் தேமல்டி, பாவி! நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லு."

"சரிம்மா" என்றேன். வெட்கத்தில் சொல்லவேயில்லை.

தேமல் சில மாதங்களில் மறைந்துவிட்டது. ஆனால் ஸ்டெல்லா அந்த வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் போகவில்லை, நானும்தான்.