தலைக்கு வகுத்தால் யார் மேலே?

என் கணவருக்குத் திருச்சி, எனக்கு யாழ்ப்பாணம், மகளுக்கு ஆக்லாந்து. ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் வாங்கிய வீட்டுக்கு மோர்ட்கேஜ் கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் எங்களால் விமானம் ஏற முடியும், அதுவும் ஒரே ஒரு ஊருக்கு. ஒவ்வொரு முறையும் அது திருச்சியாகவே இருந்தது. மாமாவும் மாமியும் அங்கே இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் எனக்கு யார் மிச்சம் என்பது அவர் வாதம். ஆள் இல்லையென்றால் ஊரும் இல்லையா என்று எரிந்து விழுவேன். பிறகு பெட்டி கட்டுவேன்.

இந்த வருடம் மகள் குறுக்கே வந்தாள். பள்ளிக்கூடத்தில் பொருளியல் பாடத்துக்காக ஏதாவது இரண்டு நாடுகளின் மொத்த தேசிய வருமானத்தை ஒப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாட்டுக்காரர்கள் உள்ளேயும் வெளியேயும் சம்பாதித்ததையெல்லாம் கூட்டி, அது காலப்போக்கில் எப்படி ஏறி இறங்கியது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் எடுத்துவிட்டார்களாம். இவள் அப்பா நாட்டையும் அம்மா நாட்டையும் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தோசைக் கரண்டியோடு நானும் போய் நின்றேன்.

"பந்தயம் வெச்சுக்கலாமா? எந்தக் கோடு மேல இருக்கோ, டிசம்பர்ல அந்த ஊருக்குப் போறோம்" என்றார் கணவர்.

"ஓம், வைப்பம்" என்றேன். வீம்பைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

மகள் தட்டினாள். இந்தியா மலையாக எழுந்து நின்றது. இலங்கை அதன் காலடியில், தரையோடு தரையாகக் கிடந்தது. "பாத்தியா! பாத்தியா!" என்று மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஒரு சுற்று ஆடினார். ஆல்பனியில் இவர் வேலை பார்க்கும் அலுவலகமே இவரைப் பரம சாது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மகள் ஆங்கிலத்தில், கொஞ்சம் அலுப்போடு, இன்னும் முடியவில்லை என்றாள். சனத்தொகை கூடிய நாடு எப்படியும் பெரிதாகத்தான் தெரியுமாம். அதனால் தலைக்கு வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். மறுபடி தட்டினாள்.

மலையைக் காணவில்லை. இரண்டு கோடுகள் கீழே கிட்டக்கிட்டத் தொடங்கி, போகப்போக விலகி ஏறின. மேலே இருந்தது என்னுடையது!

"இரு, இரு. கலர மாத்திப் போட்டுட்டாளோ என்னமோ" என்று கணவர் திரையில் மூக்கு முட்டக் குனிந்தார். மாற்றியெல்லாம் போடவில்லை. நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தோசை கருகியது, கருகட்டும் என்று விட்டுவிட்டேன். இலங்கையில் சனம் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் என் கோடு சறுக்கியிருந்தது, இந்தியா துரத்திக்கொண்டு வந்திருந்தது. ஆனாலும் மேலே மேலேதான். யாழ்ப்பாணம்! வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சந்தோசத்தில் கோட்டின் மேல் விரலை வைத்து, தொடக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டு வந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதான வருடத்தில் விரல் நின்றுவிட்டது. சண்டைக்குப் பயந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மழையில் சனத்தோடு சனமாக ஊரை விட்டு நடந்த வருடம் அது. அந்த வருடமும் கோடு ஏறியிருந்தது. அடுத்த வருடம், நாங்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கஞ்சிக்கு நின்றபோது, இன்னும் ஏறியிருந்தது.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு வகுத்தார்களே, அதில் என் தலையையும்தானே எண்ணியிருக்கிறார்கள்? அம்மாவின் தலையையும் எண்ணித்தானே வகுத்தார்கள்? எங்கள் பங்கு யார் கைக்குப் போனது?

அதை அப்படியே வாய்விட்டுக் கேட்டேன். கணவர் மெல்ல வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தார்.

"பந்தயத்த விடும்மா. உனக்கு அங்க போகப் பிடிக்கலைன்னா போக வேணாம்."

"ஆர் சொன்னது போகேல்லை எண்டு?" என்று சீறினேன். "டிக்கெட்டைப் போடுங்கோ. என்ர பங்கை நான் போய்க் கேக்க வேண்டாமோ?"