பால் கொடுத்த வீடு

கொழும்பில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளில் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்தச் சங்கத்தை ஏன் தொடங்கினீர்கள்? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வரலாறு அழியக் கூடாது, அவர்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் சங்கம் இன்றைக்கு இருக்கிற மாதிரி ஆனதற்குக் காரணம் என் தம்பியின் கல்யாணம். அதை இதுவரை எந்தப் பட்டறையிலும் சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஆயுதத்தோடு வந்தவர்கள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கினோம். தம்பி பிறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. குறிஞ்சிப்பிட்டியில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போட்டுத் தந்தார்கள். தந்தது ஊர் ஆட்கள். அரசாங்கமும் நிவாரணமும் பிறகுதான் வந்தன. இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தாண்டிவிட்டது. நான் இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்குள்ள பிள்ளைகளுக்கே கணக்குப் படிப்பிக்கிறேன். இருந்தாலும் என் வீட்டுக்கு வழி கேட்டால் "அகதி டீச்சர்ட வீடு" என்றுதான் கை காட்டுவார்கள்.

அந்தப் பெயர்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கோபத்தில்தான் என்னைப் போலவே சின்ன வயதில் வந்து இறங்கிய இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து சங்கம் தொடங்கினேன். எங்கள் சனத்தின் கதையை நாங்களே எழுதுவோம், இழந்ததைப் பதிவோம், காணிக்காகவும் நட்டஈட்டுக்காகவும் பேசுவோம் என்பது திட்டம். பிரதேச செயலகத்துக்கு எத்தனை தடவை நடந்தோம் என்று கேட்காதீர்கள். உத்தியோகத்தர் எங்கள் கடதாசிகளைப் புரட்டிவிட்டு, "தையல் மெஷின் குடுப்பீங்களா?" என்றார். இல்லை என்றேன். "கோழிக்குஞ்சு?" அதுவும் இல்லை என்றேன். பாவம், எங்களை எந்தப் பெட்டிக்குள் போடுவதென்று அவருக்கு விளங்கவில்லை.

சங்கத்தின் விதிகளை எழுதிய யாப்பில் அங்கத்துவம் பற்றி ஒரு வரி இருந்தது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் மட்டும் அங்கத்தவராகலாம். அந்த வரியை எழுதியவள் நான். எழுதி முடித்தபோது பெருமையாகவும் இருந்தது.

பதிவு கிடைத்து, தொடக்கக் கூட்டத்துக்கு நாளும் குறித்தோம். அதே கிழமை, ஏழு நாள் முடிவதற்குள், தம்பிக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். அவன் கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டு, வயது போனபிறகுதான் கல்யாணத்துக்குத் தலையாட்டினான். பெண் இதே ஊர். வந்தேறிகளின் பிள்ளை இல்லை, ஊர்க்காரரின் பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் நல்லாப் பிடித்திருந்தது. மருதாணி எந்தக் கடையில் வாங்குவது என்பதுவரை போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிக்காஹ்வுக்கு விவரம் எடுக்க வந்த மௌலவி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "பால்குடி உறவு ஏதும் இரிக்கா?" இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை வேறொருத்தியிடம் ஐந்து தடவை வயிறு நிறையப் பால் குடித்திருந்தால், அவள் அதற்குத் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் அதற்கு உடன்பிறப்பு, நானா ராத்தா என்று கூப்பிடுகிற அண்ணன் அக்கா முறை, கட்ட முடியாது. எல்லா வீட்டிலும் "இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கொடுப்பார்கள். எங்கள் உம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"குடிச்சவன்," என்றார். "ஆருட்ட எண்டு தெரியா."

வந்து இறங்கிய கையோடு உம்மா காய்ச்சலில் விழுந்திருக்கிறார், பாலும் வற்றிவிட்டது. பக்கத்துக் கொட்டில் பெண்ணொருத்தி தம்பியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய்ப் பால் கொடுப்பித்துக் கொண்டுவந்திருக்கிறாள். அவளும் மௌத்தாகிப் பல வருடம், இனிக் கேட்க ஆளில்லை. மௌலவி எழுதுவதை நிறுத்தினார். விசாரித்துச் சொல்லுங்கள், அதன் பிறகு பார்ப்போம் என்றார்.

விசாரிப்பதுதானே என் சங்கத்தின் வேலை. எங்கள் ஆட்களின் வீடு வீடாகப் போனேன். விட்டு வந்த வீட்டுக்கு எத்தனை கதவு, கிணற்றடியில் எத்தனை தென்னை, கட்டியிருந்த ஆட்டின் நிறம் என்ன, எல்லாம் சொன்னார்கள். வந்த முதல் கிழமை உங்களுக்குச் சோறு தந்தது யார் என்று கேட்டேன். "இந்த ஊர்ப் பொம்புளையள்தான்." பெயர்? ஒருவருக்கும் ஒரு பெயரும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நாங்கள் தயாரித்த முப்பது கேள்விகளில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் என் எதிரிக்கும் வர வேண்டாம்.

பிறகு ஊருக்குள் போனேன். பெண் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன், பயத்தில்தான். மற்ற வீடுகளில் பால் கொடுத்த இரண்டு பேரைக் கண்டுபிடித்தேன். அவர்கள் பால் கொடுத்த இரண்டும் பெண் குழந்தைகள். மூன்றாவது வீட்டில், "அந்த நேரம் கைப்புள்ளையோட இருந்தது உங்கட சம்பந்திக்காரிதான்," என்றார்கள்.

பெண்ணின் உம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், முற்றத்தில் வெங்காயம் காய வைத்துக்கொண்டிருந்தார். மகள் கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அந்தக் கொட்டில் முகாமிலிருந்து வந்த பிள்ளைக்குப் பால் கொடுத்தீர்களா?

"ஓம்," என்றார். "ஆம்புளப் புள்ள. ஒரு கிழமைக்கு மேல குடுத்தன், காலையும் அந்தியும். ஆர்ட புள்ள எண்டு கேக்கல்ல. கேட்டுட்டா பால் குடுக்கிற?"

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா மாமி?"

"சுத்திக் கொண்டுவாற துணிதான் ஞாபகம். வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்ட. பொக்கெட்டுக்குள்ள பென்சில் துண்டொண்டு கிடந்து புள்ளைக்குக் குத்திச்சு. நான்தான் எடுத்துப் போட்டன்." வெங்காயத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "இப்ப நீ சொல்லு மகள். அது ஆர்ட சட்ட?"

அது என்னுடைய சட்டை. உடுத்த துணியோடு வந்த எங்களிடம் தம்பியைச் சுற்ற வேறு துணி இருக்கவில்லை. பென்சில் காணாமல் போனதற்கு அந்தக் காலத்தில் நான் அழுதிருக்கிறேன். இது உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரியாது மாமி, வேறு யாருடையதோ என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த மாதம் கல்யாணம். சொல்லிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

"என்ட," என்றேன்.

மகள் உள்ளே போய்விட்டாள். மாமி மறுபடி வெங்காயத்தைப் பரப்பத் தொடங்கினார். குடுக்கவே இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அப்படிக் கேட்டது என் முட்டாள்தனம்.

"சொல்ல ஏலும்," என்றார். "அப்ப அந்தப் புள்ள என்ட மடியில கிடக்கவே இல்ல எண்டாகும். அது ஹராம் மட்டுமில்ல, பொய்." பிறகு, அவருக்கும் கோபம் வந்தது. "எங்கட புள்ளைக்கிருந்த பாலையும் குடுத்தம், கிணத்தையும் குடுத்தம். பொறகு நிவாரண லிஸ்ட் வந்திச்சு. உங்களுக்கு அரிசி, உங்களுக்கு வீடு, உங்களுக்குச் சங்கம். எங்கட பேர எழுத இண்டைக்குத்தான் ஒரு ஆள் வந்திரிக்கி, அதுவும் கல்யாணத்தக் கெடுக்க."

கல்யாணம் நின்றது. தம்பி இரண்டு கிழமை ஒருவரோடும் பேசவில்லை. அந்தப் பெண் என்னைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போனாள். உம்மா அழுதார். நான் யாப்பை எடுத்து அந்த வரியை வெட்டினேன். "நமக்குத்தானே அநியாயம் நடந்தது," என்று சிநேகிதிகள் சண்டைக்கு வந்தார்கள். நடந்தது, இல்லையென்று யார் சொன்னது, ஆனால் அந்த அநியாயத்தின் பாரத்தை யார் யார் தூக்கினார்கள் என்று எழுதாவிட்டால் நாம் எழுதுவது பாதி வரலாறு என்று சொன்னேன். மூன்று கூட்டம் சண்டை பிடித்து, நான்காவதில் கையொப்பம் வைத்தார்கள். தொடக்கக் கூட்டத்தில் முதலாவது அங்கத்தவராக மாமி பெயரைப் பதிந்தோம். தம்பிதான் அவரை முச்சக்கரவண்டியில் கூட்டிவந்தான். இறங்கும்போது அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இப்போது எங்கள் ஆட்களிலும் ஊர் ஆட்களிலும் யார் யாருக்குச் சோறு போட்டது, யார் கிணற்றைத் திறந்துவிட்டது, யார் யாருக்குப் பால் கொடுத்தது எல்லாம் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. கல்யாணம் பேசுகிற வீட்டுக்காரரைப் பள்ளிவாசலே எங்களிடம் அனுப்புகிறது. வெளிநாட்டு நிதி கொடுப்பவர்களுக்கு இந்தச் சேவையை எந்தத் தலைப்பில் அறிக்கையிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் எங்கள் சங்கத்தை இனி ஒருவராலும் மூட முடியாது என்பது மட்டும் தெரியும்.

போன நோன்புக்கு முதல், தம்பிக்குப் பேசியிருந்த அந்தப் பெண் வந்தாள். அவளுக்கு வேறு இடத்தில் பேசியிருந்தார்கள், பதிவைப் பார்க்க வந்திருந்தாள். பார்த்துச் சொன்னேன், ஒரு தடையும் இல்லை. அவள் எழும்பவில்லை.

"ராத்தா, உங்கட ஆக்கள் மட்டுந்தான் இழந்தவங்க எண்டு எழுதி வைக்காதீங்க. என்டயும் எழுதுங்க."

நான் புதுத் தாள் எடுத்தேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளையக் குடுத்திட்டு ஒரு நானாவ எடுத்தன் எண்டு எழுதுங்க," என்றாள். "லேசா எடுக்கல்ல எண்டும் எழுதுங்க."