மிஸ் ஏர்லீன் கொடுத்த தொண்ணூற்று மூன்று தாள்கள்

ஒவ்வொரு பிப்ரவரியும் தலைமை நூலகத்திலிருந்து எங்கள் கிளைக்கு ஒரு பெட்டி வரும். கறுப்பின வரலாற்று மாதத்துக்காகப் பன்னிரண்டு பெரிய மனிதர்களின் படங்கள். பத்தொன்பது வருடமாக அவற்றை மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. யார் முகத்தில் எந்த மூலை கிழிந்திருக்கிறது என்பதுகூட எனக்கு மனப்பாடம். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இப்போதெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்தச் சுவரைத்தான் மிஸ் ஏர்லீன் டாலிவர் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒஹையோவில் எங்கள் பேட்டையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. கல்யாணமான பெரியவர்களையும் மரியாதைக்கு மிஸ் என்றுதான் அழைப்போம். தேவாலயச் சபையில் முப்பத்தெட்டு வருடமாக வாசல் ஊழியம். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. தாமதமாக வருகிறவரை ஒரே பார்வையில் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார். அடக்க ஆராதனை என்றால் உள்ளே வருகிற ஒவ்வொருவர் கையிலும் அச்சடித்த அடக்கத் தாளைக் கொடுப்பது அவர்தான். அட்டையில் இறந்தவரின் முகம் இருக்கும். அலபாமாவிலிருந்து எந்த வருடம் ரயிலேறினார், எந்த எஃகு ஆலையில் வெந்தார், யார் யாரை விட்டுப் போனார் என்று உள்ளே ஒரு முழு வாழ்க்கை இருக்கும்.

நல்ல போட்டோ இல்லாத குடும்பங்களுக்கு அவர் கணவர் ராஸ்கோ பென்சிலால் முகம் வரைந்து கொடுப்பார். அச்சுக்குப் போய் வந்ததும் அசல் படத்தைத் தன் பிரதியின் அட்டையில் ஒட்டித் தொப்பிப் பெட்டிக்குள் வைப்பார் ஏர்லீன். அப்படித் தொண்ணூற்று மூன்று சேர்ந்திருந்தது. ராஸ்கோ பஸ் டிப்போவில் பெயின்ட் அடித்தவர். அவரை ஓவியர் என்று யாரும் அழைத்ததில்லை. இறந்து ஆறு வருடம் ஆகிறது.

“சவப்பெட்டி பக்கத்துல வச்சுத்தான் அவரு வரைஞ்ச படத்தை எல்லாரும் பாத்தாங்க, வேனிட்டா. ஒரே ஒரு தடவை சுவத்துல தொங்கணும். அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்” என்றார் என்னிடம்.

இந்த வருடம் தலைமை நூலகத்தில் மிஸ் கிரேடி என்று ஒரு புது அதிகாரி. சரி என்றுவிட்டார். ஜனவரி முழுக்க என் மேஜையில் தாள்களைப் பரப்பி வரிசைப்படுத்தினோம். என் அம்மாவும் அதில் இருந்தாள். எங்களிடம் இருந்த பிரதி நிலவறையில் தண்ணீர் புகுந்தபோது கூழாகிவிட்டது. முன்பல் இடைவெளியோடு ராஸ்கோ அவளை வரைந்திருந்தார். சுவரின் நடுவில் அவளுக்கு இடம் குறித்து வைத்தேன்.

வரலாற்று மாத விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மிஸ் கிரேடியிடமிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டுமாம். அதோடு, இது கொண்டாட்டம், குழந்தைகள் வருகிற இடம், சாவுத் தாள்களை மாட்டினால் மனம் கனத்துவிடுமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. மிஸ் கிரேடியும் எங்கள் இனத்துப் பெண்தான். அதுதான் இன்னும் எரிச்சல். எங்கள் அடக்க ஆராதனை ஒன்றில் பாட்டைக் கேட்டு, பிறகு நடக்கும் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அப்படி எழுதக் கை வந்திருக்குமா? தொலைபேசியில் மூன்று பேரிடம் மன்றாடினேன். மூன்று பேரும் என் உணர்வு புரிகிறது என்றார்கள்.

ஏர்லீன் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“சுவத்துல மாட்டக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கா? கையில குடுக்கக் கூடாதுன்னு எழுதலையே.”

சனிக்கிழமை வெள்ளைச் சீருடையில், கையுறையோடு நூலக வாசலில் நின்றார். உள்ளே வந்தவர்களுக்கு அவரவர் ஆளைப் பார்த்துக் கொடுத்தார். மாமாவைத் தெரிந்தவருக்கு மாமா, அக்காவைப் பறிகொடுத்தவருக்கு அக்கா. பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பதற்குக் கதவருகே ஒரு கூடை. மிஸ் கிரேடி ஒலிபெருக்கியில் பன்னிரண்டு பேரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் மடியில் இருந்த தாளைச் சத்தமாக ஒருவருக்கொருவர் வாசித்துக்கொண்டிருந்தது. “எங்கப்பா மூக்கை எப்படிப் பிடிச்சிருக்காரு பாரு அந்த ராஸ்கோ” என்றார் ஒருவர். ஏர்லீனின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

கடைசி ஆளும் போன பிறகு கூடையைப் பார்த்தோம். யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு ஒட்டிய காகிதத் தட்டும் கிடந்தன. தாள் ஒன்றுகூட இல்லை. அடக்கத் தாளை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களில் யாருக்கு உண்டு? வாங்கினால் நேரே வீட்டு வேதாகமத்துக்குள் போகும். முப்பத்தெட்டு வருடம் கொடுத்தவருக்கு இது தோன்றவில்லையே என்று அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

“நானே பழக்கிவிட்ட சனம்” என்றார் ஏர்லீன். நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்ற வெகுநேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை மிஸ் கிரேடி கூப்பிட்டார். நூலக இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். சம்மதக் கடிதம் வேண்டாம், மார்ச் முழுக்கச் சுவர் உங்களுக்கு, படங்களுக்குச் சட்டம்கூடப் போட்டுத் தருகிறோம், தொண்ணூற்று மூன்றையும் அனுப்புங்கள். அந்த உற்சாகக் குரலைக் கேட்டபோது போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது.

தாள்களைத் திருப்பித் தரும்படி சபையில் அறிவித்தார்கள். நான் வீடு வீடாகப் போன் செய்தேன். ஒருத்தி, தேடுகிறேன் என்றாள். இன்னொருவர் நகல் எடுத்துத் தருகிறேன் என்றார். பல் இல்லாத கிழவர் ஒருவர் சிரித்தார்: “எங்கப்பா இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காரு. மறுபடியும் வெளிய அனுப்பச் சொல்றியாம்மா?”

மார்ச் முதல் தேதி பன்னிரண்டு பேரையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கினேன். ஏர்லீன் வந்து காலிச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஒண்ணும் வரலையா?”

“இன்னும் வரல, மிஸ் ஏர்லீன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “ஊர்ல உள்ளவங்களை விடு. உங்கம்மாவை உன் கையிலதானே குடுத்தேன்?”

 மேஜைக்கடியில் இருந்த என் கைப்பையைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.